இரண்டு விராலடிப்பான்கள்

“ரெண்டு பாத்தியாம்மா, இல்ல ஒண்ணையே ரெண்டு வாட்டி எண்ணிட்டியா?”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஏரிக்கரையில், பதினோரு பேர் முன்னால் சார் கேட்டார். எங்கள் பறவைக் கணக்கெடுப்புக் குழுவை நடத்துபவர் அவர்தான். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிட்லபாக்கத்தில் வீடு. குழுவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. அவர் கையில் நான் கொடுத்த தாள் இருந்தது. அதில் என் கையெழுத்தில் ‘விராலடிப்பான் – 2 (ஜோடி)’ என்று இருந்தது. விராலடிப்பான் என்றால் மீன் பிடித்துத் தின்னும் பருந்து.

“ரெண்டுதான் சார். பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு.”

“விராலடிப்பான் பக்கத்துப் பக்கத்துல உக்காருமா? எனக்குத் தெரிஞ்சு அது தனிக்கட்டைம்மா. போட்டோ இருக்கா?”

“இல்ல சார்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’ எனக்குப் பழக்கமானது. கல்லூரியில் சேரப் போனபோது விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு எழுத்தர் சொன்னதும் இதே ‘ம்’தான்.

எனக்கு அடுத்து, கணினிக் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அண்ணன் தன் தாளைக் கொடுத்தார். ‘ஊசிவால் வாத்து – 40’. நாற்பதையும் எப்படி எண்ணினீர்கள் என்று சார் கேட்கவில்லை. போட்டோவும் கேட்கவில்லை. “சூப்பர்” என்றார். சாருக்கு அந்த அண்ணன் ‘நீங்க’, நான் ‘நீ’. வயது காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி ஏன் அப்படித் தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பனிக்காலத்தில் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிக்கப் போவதாக சார் அறிவித்திருந்தார். பொறுப்பாளர் பெயரில்தான் அந்த ஏரியின் அறிக்கை போகும். படப்பை போகும் வழியில் இருக்கும் இந்த ஏரியை நான் கேட்டிருந்தேன். என் அப்பா காடையும் கவுதாரியும் முயலும் பிடித்தது இந்த ஏரியைச் சுற்றியிருந்த வயல்களில்தான். அப்போது அது எங்கள் வீட்டுச் சோறு. ஒரு தடவை வனத்துறைக்காரர்கள் வலையோடு பிடித்து, இதே கரையில் சாயங்காலம் வரை அவரைக் குத்த வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. சோற்றுத் தூக்கோடு அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். விலங்கியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். அந்தக் கரையின் அறிக்கையில் என் பெயர் இருக்க வேண்டும் என்று நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

பொறுப்பாளர்களை அடுத்த ஞாயிறு முடிவு செய்வார்கள். அதற்குள் அந்த ‘ம்’முக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பைனாகுலர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் வினை அங்கிருந்துதான் தொடங்கியது.

குழுவில் சேர்ந்தபோது என்னிடம் பைனாகுலர் இல்லை. மற்றவர்கள் கழுத்தில் தொங்கியதன் விலை, நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குத் தரும் இரண்டு மாதச் சம்பளம். என்னால் முடிந்தது நாலாயிரம். போனில் தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒன்று விளங்கியது. குறைந்த விலை பைனாகுலர் பற்றி விவரமாக எழுதுபவர்கள் எல்லோரும் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள். மான் வேட்டை, வாத்து வேட்டை. கையில் காசு குறைவு, விடியற்காலை வெளிச்சமும் குறைவு, எதை வாங்கலாம் என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் முயல் பிடித்தால் ஜெயில். அங்கே அது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. சிரிப்பு வந்தாலும் உட்கார்ந்து படித்தேன். வேட்டைக்காரர்கள் காசு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஏனோ தோன்றியது.

அவர்களிடமிருந்து கற்றது இவ்வளவு. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதில் மயங்காதே. எட்டு மடங்கு போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலமாவது இருந்தால்தான் விடியலில் தெரியும். சிவப்பாக மினுக்கும் கண்ணாடி கண்துடைப்பு. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் பின்கண்ணாடியில் தெரியும் வெளிச்சப் பொட்டு முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் நறுக்கியது போல் இருந்தால் உள்ளே மட்டமான பட்டகம். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடை மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. பழைய கேமரா, கைக்கடிகாரம், டார்ச் லைட் விற்கும் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் நோட்டைப் பையிலிருந்து எடுத்ததுமே அவர் முகம் மாறியது.

“இன்னாம்மா, பைனாகுலரா? வேட்டைக்கா?”

“பறவ பாக்க.”

“பறவ பாக்க இன்னாத்துக்கு இத்த வாங்குற? டிக்கெட் எடுத்துகினு வண்டலூர் போ, கிட்டக்கவே பாக்கலாம்.” சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கறுப்பில் பச்சைக் கோடு போட்ட பைனாகுலர். மேலே 60x60 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. “இத்தப் பாரு. அறுபதுக்கு அறுபது. ராத்திரில கூடத் தெரியும்.”

“அறுபதுக்கு அறுபதுன்னா இது பைனாகுலரா, முடிச்சூர் பிளாட்டாண்ணா?”

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பெட்டியை உள்ளே வைக்கவில்லை. “நீ இன்னா, படிச்ச பொண்ணா?” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று நான் யோசிப்பதற்குள், அடித்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தார். யாரோ விற்றுவிட்டுப் போனது. எட்டுக்கு நாற்பத்திரண்டு. ரப்பர் உறை ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது. விலை என் நாலாயிரத்துக்குள் சரியாக வந்து நின்றது. அதுவே எனக்குச் சந்தேகம். என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்?

நோட்டை விரித்து வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வெளிச்சப் பொட்டு வட்டம்தான். குலுக்கினேன், சத்தம் இல்லை. முன்னால் போன் டார்ச்சை அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கடை வாசலுக்கு வந்து, எதிர்ச் சுவரில் இருந்த சுண்ணாம்பு விளம்பரத்தைப் படித்தேன். இடது கண்ணை மூடி வலது குழாயில், பிறகு வலது கண்ணை மூடி இடது குழாயில். இரண்டிலும் எழுத்து கத்தி முனை போலத் தெரிந்தது.

“ரெண்டு கண்ணையும் தொறந்து பாரும்மா!” என்று கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

எனக்குச் சுருக்கென்றது. கண்ணைத் திறந்து பார் என்று நம்மூரில் யாரிடம் சொல்வார்கள்? ஏமாளியிடம். பேருந்தில் இடித்துக்கொண்டு போகிறவனிடம். “எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்ணா” என்றேன்.

“சரிமா, சரிமா. தொறந்தா இன்னா, மூடுனா இன்னா. வித்தா ரிட்டன் கெடயாது.”

வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா இப்போது முடிச்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் நேரக் காவல் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வந்ததும் பைனாகுலரை வாங்கி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். இடது கண்ணை இறுக மூடியிருந்தார், வாயின் ஒரு ஓரம் மேலே போயிருந்தது. உண்டிகோலில் குறி பார்க்கும் அதே முகம். எனக்கும் அந்த முகம்தான் வரும். சின்ன வயதில் புளியங்காய் அடித்ததிலிருந்து வந்த பழக்கம். கல்லூரிக்குப் போனேன், அங்கே ஆய்வகத்தில் இருந்த பழைய நுண்ணோக்கியிலும் ஒற்றைக் குழாய்தான். ஆக, எங்கள் வீட்டு வேட்டையும் என் படிப்பும் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒற்றைக்கண் பார்வை.

முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. நீலத் தாழைக்கோழி, பாம்புத்தாரா, முக்குளிப்பான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. ஏரியை ஒட்டிய ஒரு குடியிருப்பின் மாடியிலிருந்து ஓர் அக்கா மட்டும், “யாரு நீ? எங்க வீட்டையே பாத்துட்டு நிக்குற?” என்று கேட்டார். “நாமக்கோழிக்கா” என்றேன். “எந்தக் கோழி?” என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பிறகு யாரோ குழுவின் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ போட்டார்கள். வரிசையாக நாங்கள் கரையில் நின்று பார்க்கிறோம். எல்லோருடைய புருவமும் சமமாக இருக்கிறது. நான் மட்டும் ஒரு கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறேன். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘துப்பாக்கி எங்கே?’ ஆறு பேர் சிரித்திருந்தார்கள். எழுதியவருக்கு என் அப்பாவைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. தெரியுமோ என்று மூன்று நாள் யோசித்தேன்.

அன்றிலிருந்து இரண்டு கண்ணையும் திறந்தே பார்ப்பது என்று முடிவு செய்தேன். கஷ்டமாக இருந்தது. அரை மணி நேரத்தில் புருவத்துக்கு மேலே வலிக்கும். கிட்டத்தில் இருக்கும் பறவை ஒருவழியாகக் கூடி நிற்கும், தூரத்தில் இருப்பது நழுவும். பழகாத கண் என்று நினைத்துக்கொண்டேன். வலியை யாரிடமும் சொல்லவில்லை.

அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். ஏரியின் அந்தக் கோடியில், ஆகாயத்தாமரைக்கு நடுவே தலை முறிந்த பனைமரம் ஒன்று நிற்கும். அதன் உச்சியில் வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டி மை தீற்றியது போலக் கறுப்புப் பட்டை. விராலடிப்பான். மீனைத் தவிர வேறெதையும் சீண்டாத வேட்டைக்காரன். அதன் பக்கத்தில், தோளோடு தோளாக, இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தின. இரண்டும் ஒரே நேரத்தில் இடது இறக்கையை விரித்துக் கோதின. இப்படி ஒற்றுமையான ஜோடியை மனிதர்களில்கூட நான் பார்த்ததில்லை. அதைத்தான் தாளில் எழுதினேன், குழுவின் பொது ஷீட்டிலும் ஏற்றினேன்.

அதற்குத்தான் அந்த ‘ம்’.

ஞாயிறு முழுக்க சாரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியை வேறு யாருக்கோ கொடுக்க முடிவு செய்துவிட்டார், அதற்கு ஒரு காரணம் தேடுகிறார் என்று தோன்றியது. நாற்பது வாத்துக்கு இல்லாத சந்தேகம் இரண்டு பருந்துக்கு எதற்கு? போட்டோவோடு போய் அவர் முன் வைக்கிறேன் என்று கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மதிய வேலை. அப்பாவுக்கு விடுப்பு. அவருடைய டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போனேன். பனை உச்சியில் அது இருந்தது. போனை பைனாகுலரின் ஒரு குழாயோடு ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தேன். படத்தில் ஒன்றுதான் விழுந்திருந்தது. இன்னொன்று பறந்துவிட்டதோ என்று கண்ணில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. மறுபடி எடுத்தேன், ஒன்று. மறுபடி பார்த்தேன், இரண்டு. பழைய போன், அதன் மேல் சந்தேகப்பட்டேன்.

“இன்னா தேடுற?” என்றார் அப்பா.

“அந்தப் பனமரத்துல எத்தினி உக்காந்துகினு கீது, சொல்லு.”

வெறுங்கண்ணால் பார்த்தார். “ஒண்ணு.”

“நல்லாப் பாருப்பா. ரெண்டு கீது.”

“ஒண்ணுதான் கீது.”

“இந்தா, இதுல பாரு.”

வாங்கிப் பார்த்தார். “ஒண்ணுதாம்மா. மீனு துண்ணுனு கீது.” பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, படிச்சா எல்லாம் டபுளா தெரியுமா?”

எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. சார் போதாதென்று இவருமா. ஆனால் அவர் பைனாகுலரை இறக்கிய பிறகும் இடது கண் இன்னும் பாதி மூடியே இருந்தது. அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பைனாகுலரை எடுத்து, வெட்கத்தை விட்டு, என் பழைய முகத்தோடு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்று. வலது கண்ணை மூடினேன். ஒன்று. இரண்டையும் திறந்தேன். தோளோடு தோளாக இரண்டு. கீழே பனையும் இருமடங்கு தடித்துத் தெரிந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் செல்போன் டவர் ஒன்று நிற்கிறது. ஊருக்கே தெரியும், அங்கே ஒரே ஒரு டவர்தான். அதைப் பார்த்தேன். இரண்டு டவர்கள், பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரம்.

குழாய்கள் இரண்டும் தனித்தனியே நல்லவை. ஆனால் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. எப்போதோ கீழே விழுந்து, உள்ளே பட்டகம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்க வேண்டும். நோட்டைப் புரட்டினேன். வேட்டைக்காரர்கள் சொன்ன கடைசிச் சோதனையை நானே எழுதி வைத்திருந்தேன்: ‘இரு கண்ணும் திறந்து, தூரத்துக் கம்பத்தைப் பார்.’ கடை வாசலில் அதற்கு நேரே நான் ‘சரி’ என்று டிக் போட்டிருந்தேன். கம்பத்துக்குப் பதில் சுவர், இரண்டு கண்ணுக்குப் பதில் ஒவ்வொன்றாக.

வேலைக்குப் போகும் வழியில் கடையில் இறங்கினேன்.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல, ரெண்டு கண்ணையும் தொறந்து பாருன்னு? நீ மொறச்சிகினு போன” என்றார் கடைக்காரர்.

“கோளாறுன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

“தெரிஞ்சா நானே ரிப்பேருக்கு அனுப்ப மாட்டனா?” அவர் பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீ எங்கனா கீழ போட்டியா?”

“போடல.”

அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. கடைசியில், பாரிமுனையில் தனக்குத் தெரிந்த ஆள் இருப்பதாகவும், ரப்பருக்குக் கீழே இருக்கும் திருகைத் திருப்பிச் சரி செய்வார் என்றும், கூலி மட்டும் நான் தர வேண்டும் என்றும் சொன்னார். கொடுத்துவிட்டு வரும்போது அதன் வரிசை எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் பார்க்கும்படியாகத்தான் எடுத்தேன்.

மீதி இருந்தது ஷீட். அதில் என் ‘2’ அப்படியே இருந்தது. சும்மா இருந்தால் யாரும் நிரூபிக்க முடியாது. இரண்டில் ஒன்று போய்விட்டது என்று சொல்லலாம், பறவைதானே. திருத்தினால், சார் கேட்டது சரி என்று ஆகும். வேட்டைக்காரன் மகளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று யாராவது நினைத்துக்கொள்ளவும் வழி விடும். இரண்டு நாள் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். சார் சொன்னது சரி. ஆனால் அவர் ஏன் என்னிடம் மட்டும் கேட்டார் என்பது அதனால் தீர்ந்துவிடவில்லை. அந்தச் சந்தேகம் இன்னும் என்னிடம் இருக்கிறது, இருக்கட்டும்.

ஆனால் அந்தப் பனையில் இருந்தது ஒரு பறவை. அப்பா அதை வெறுங்கண்ணால் சரியாக எண்ணினார். அவர் மகளின் பெயரில் போகிற அறிக்கையில் அது இரண்டாக இருக்கக் கூடாது.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஷீட்டைத் திறந்து 2 என்பதை அழித்து 1 என்று போட்டேன். குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்: ‘பைனாகுலர் குழாய்கள் ஒத்துப்போகவில்லை; படம் இணைத்துள்ளேன். வெறுங்கண்ணால் சரிபார்த்தவர்: என் அப்பா.’ பிறகு குழுவில் ஒரு செய்தி போட்டேன். ஞாயிறு அன்று எண்ணத் தொடங்குமுன் எல்லோரும் அவரவர் பைனாகுலரை இரண்டு கண்ணும் திறந்து செல்போன் டவரில் சோதிக்க வேண்டும், நாற்பது வாத்து எண்ணியவர் உட்பட, என்று. சார் பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது.

ஷீட்டில் எங்கள் ஏரியின் வரிசையில், பொறுப்பாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டியவர் சார்தான். என் பெயரை இன்ஷியலோடு அதில் அடித்து, சேமித்துவிட்டு, அடுத்த ரத்த மாதிரிக் குப்பியில் லேபிள் ஒட்டப் போனேன்.